சங்கிலியை அறுத்துட்டு ஓடறான்!

எங்கள் வீட்டு நாயின் பெயர் டேலி. பி.காம். படித்துவிட்டுப் பத்து வருஷம் அடுத்தவன் கணக்கை எழுதிய எனக்கு, வரவு செலவு பார்க்கும் அந்த சாஃப்ட்வேரின் பெயரைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை. பெயர் வைத்த நேரமோ என்னவோ, டேலி வந்த நாள் முதல் வீட்டில் எதுவுமே டேலி ஆகவில்லை. ஷூவில் இடது கால் இருக்கும், வலது கால் இருக்காது. சோபாவுக்கு நாலு மூலையில் மூன்றுதான் பாக்கி. ஒன்பது மாச லாப்ரடார், முப்பது கிலோ எடை. வாலை ஆட்டினால் டீப்பாய் காலி.

இது வரைக்கும் கூடச் சமாளித்துவிட்டோம். போன ஆடி வெள்ளியன்றுதான் வந்தது வினை.

நான் தி.நகரில் ஒரு பத்திரிகை ஆபீஸில் செக்குக்காகக் காத்திருந்தேன். (எழுதிப் பிழைப்பவனுக்கு எழுதுகிற நேரத்தைவிட இந்த நேரம்தான் அதிகம்.) மனைவி இன்னும் வேலையிலிருந்து திரும்பவில்லை. டேலி வாசற்கதவைப் பிறாண்ட, அறுபத்தெட்டு வயது அம்மா, "சரி வா, கீழ நிமிஷமா போய்ட்டு வந்துடலாம்" என்று சங்கிலியைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். லஸ் பக்கம் எங்கள் சந்து. மோட்டார் சைக்கிள் சீட்டில் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது. டேலி ஒரே தாவு! பிளாட்ஃபாரக் கடையில் வாங்கிய சங்கிலி, கொக்கியோடு பிய்ந்துகொண்டது. அம்மா கீழே. கீழே கிடந்தபடியே அம்மா கத்தியது இது:

"ஐயையோ, சங்கிலியை அறுத்துட்டு ஓடறான்! பிடிங்கோ, பிடிங்கோ!"

மயிலாப்பூரில் சாயங்கால வேளையில் ஒரு வயதான மாமி தரையில் கிடந்து இப்படிக் கத்தினால் என்ன ஆகும்? டீக்கடையிலிருந்து ஏழெட்டு வாலிபர்கள் பாய்ந்தார்கள். அந்த நேரம் பார்த்து, நகர ஆரம்பித்த பஸ்ஸைப் பிடிக்க ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் ஓடிக்கொண்டிருந்தார், பாவம். சட்டைக் காலர் கிழிந்தது. பை பறிமுதல். "செயின் எங்கடா?" என்று ஆளாளுக்கு அவரை உலுக்க, மனுஷர் 'ஙே' என்று விழித்திருக்கிறார். இதில் விசேஷம் என்னவென்றால், அவரைத் துரத்திய கூட்டத்தில் முதல் ஆளாக, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு சந்தோஷமாக ஓடியது டேலிதான்!

"என் சங்கிலி இல்லைடா, நாயோட சங்கிலி!" என்று அம்மா விளக்கி முடிப்பதற்குள் அந்த ஏஜெண்டுக்கு ரெண்டு அறை விழுந்துவிட்டது. மறுநாள் அவருக்கு ஒரு சட்டை எடுத்துக் கொடுத்தேன். ஒரு பாலிசியும் போட்டுக்கொண்டேன். வேறு வழி?

சிரித்து முடித்தாயிற்றா? அம்மாவுக்கு இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு. தலை பின்னிக்கொள்ள முடியாமல், மருமகளிடம் கேட்கவும் கூச்சப்பட்டு, ஒற்றைக் கையால் கொண்டை போட முயற்சி செய்துகொண்டிருந்ததை ஒரு காலையில் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு டிபன் இறங்கவில்லை.

ரெண்டாம் நாள் ஃபிளாட் அசோசியேஷன் செக்ரட்டரி வந்தார். நின்றபடியே பேசினார். "ரெண்டு மாசம் டயம் தர்றேன். நாய் திருந்தணும். இல்லேன்னா நாயை எங்கேயாவது அனுப்பிச்சிடுங்க."

சட்டம் பேசியிருக்கலாம். அசோசியேஷன் நினைத்தால் நாயே வளர்க்கக் கூடாது என்று தடை போட முடியாது என்று விலங்கு நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. ஆனால், பக்கத்தில் அம்மா மாவுக்கட்டோடு உட்கார்ந்திருக்கும்போது எந்த சர்க்குலரை நீட்டுவது? தவிர, அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. 2024 மே மாசம் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுக் குழந்தையை ராட்வெய்லர் நாய்கள் குதறியதைப் படித்த பிறகு, பேத்தியை லிஃப்டில் தனியாக அனுப்பப் பயப்படுகிறார். டேலி கடிக்காது என்று எனக்குத் தெரியும். முப்பது கிலோ பாசத்தோடு மேலே விழுந்தால் அந்தக் குழந்தைக்கு அது தெரியுமா?

ஆக, நாய்க்குப் பள்ளிக்கூடம் தேட ஆரம்பித்தேன். என் பையனுக்கு எல்.கே.ஜி. சீட் வாங்கியபோதுகூட இவ்வளவு அலையவில்லை சார்.

நம்மூரில் ஒரு சௌகரியம். இந்தியா முழுக்க நாய்களுக்கு ஜாதகம் எழுதுகிற கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் தலைமை அலுவலகமே சென்னையில்தான். மெட்ராஸ் கேனைன் கிளப் என்று நாய்க் கண்காட்சி நடத்துகிற பழைய சங்கமும் உண்டு. ஆனால் அவர்கள் தருகிற பதிவுச் சான்றிதழ், உங்கள் நாயின் தாத்தா பாட்டி யார் என்று சொல்லும். சொன்ன பேச்சைக் கேட்குமா என்று சொல்லாது. எனக்கு அந்த வித்தியாசம் தெரியாமல், "டேலிக்குப் பேப்பர் இருக்கு சார்" என்று செக்ரட்டரியிடம் பெருமையடித்து அசடு வழிந்தது தனிக்கதை. இன்னொரு விஷயம்: நாய்க்குப் பயிற்சி தர இன்ன படிப்பு படித்திருக்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. ஒரு விசில், ஒரு தொப்பி, ஒரு விசிட்டிங் கார்டு, முடிந்தது. ஆகவே, தேர்ந்தெடுக்கும் பொறுப்பு முழுக்க நம் தலையில்.

முதலில் நான் போனது ஊருக்கு வெளியே ஒரு இடம். ஹாஸ்டல் வசதி! "நாயை விட்டுட்டு நீங்க ஜாலியா இருங்க சார். நாப்பத்தஞ்சே நாள். ரிமோட் கண்ட்ரோல் மாதிரி ஆக்கித் தர்றேன்" என்றார் அந்த ஆசாமி. சுவரெல்லாம் கோப்பைகள். "நாய்னா ஓநாய் வம்சம். கூட்டத்துக்கு ஒரு தலைவன் இருப்பான். நாமதான் தலைவன்னு அதுக்குக் காட்டணும்" என்று சயின்ஸ் வேறு சொன்னார். என் மாசச் சம்பாத்தியத்தில் பாதியை அட்வான்ஸாக எடுத்து வைத்தேன். எதற்கோ ஒரு காகிதத்தில் கையெழுத்தும் போட்டேன். டேலி என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

திரும்பி வரும் வழியில்தான், தடுப்பூசி நோட்டை என் பையிலேயே வைத்திருந்தது ஞாபகம் வந்தது. ஆட்டோவைத் திருப்பச் சொன்னேன். அரை மணி நேரம்தான் ஆகியிருக்கும். கேட்டில் யாரும் இல்லை. கொல்லைப் பக்கம் போனேன்.

கழுத்தை இறுக்கும் இரும்புச் சங்கிலி. அதை ஒரு பையன் மேலே தூக்கிப் பிடித்திருக்கிறான். டேலியின் முன்னங்கால்கள் அந்தரத்தில். பின்னங்கால் நகம் மட்டும் தரையில். சத்தம்கூட வரவில்லை. சங்கிலி இறுகியிருந்தால் எப்படி வரும்? என்னைப் பார்த்ததும் பையன் கையைத் தளர்த்தினான். டேலி ஓடி வரவில்லை. வயிறு தரையில் தேய ஊர்ந்து வந்து, என் காலடியில் மூத்திரம் பெய்தது.

அட்வான்ஸைக் கேட்க எனக்கு நா எழவில்லை. நாயை வாரிக்கொண்டு வந்துவிட்டேன். 'அனுபவக் கணக்கு, பற்று' என்று எழுதிவிட வேண்டியதுதான். ஆனால் அடுத்த நாலு நாள், அம்மா பூஜை அறைச் சாவிக்கொத்தை எடுத்தாலே டேலி கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டது. சாவிக்கொத்துச் சத்தம், சங்கிலிச் சத்தம் மாதிரி இருந்திருக்கிறது. கையெழுத்துப் போட்டது நான்தானே. அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

அந்த ஆசாமியின் ஓநாய் சயின்ஸைப் பற்றிப் பிறகு படித்துப் பார்த்தேன். 1947-ல் ருடால்ஃப் ஷெங்கல் என்பவர், அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்கள் ஒன்றையொன்று மிரட்டிக்கொள்வதைப் பார்த்து எழுதியது அது. 1970-ல் டேவிட் மெக் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் புத்தகம் அதை உலகம் பூராவும் பரப்பியது. அதே மெக், காட்டில் சுதந்திரமாகத் திரியும் ஓநாய்களை வருஷக்கணக்காகப் பார்த்துவிட்டு, 1999-ல் ஒரு கட்டுரையில் விஷயத்தைத் திருத்தினார்: ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள். சண்டை போட்டு ஜெயித்த தலைவன் என்று யாரும் இல்லை. பெற்றவர்கள் வழிநடத்துகிறார்கள், அவ்வளவுதான். சொன்னவரே வாபஸ் வாங்கிவிட்டார். ஆனால் நம் பயிற்சியாளர்கள் பலர் (ஆபீஸ் மானேஜர்களையும் சேர்த்து) இன்னும் 1947-லேயே இருக்கிறார்கள்.

மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-லிருந்து இருக்கிறது. அடித்து உதைத்து வதைத்தால் குற்றம். நாயைச் சதா கட்டிப் போட்டுவிட்டு, வெளியே நடக்கக் கூட்டிப் போகாத எஜமானும் அந்தச் சட்டப்படி குற்றவாளிதான்! முதல் தடவைக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? பத்து ரூபாய்க்குக் குறையாமல், ஐம்பது ரூபாய்க்கு மிகாமல். லஸ் முனையில் ரெண்டு காபிக்குப் போதாது.

ரெண்டாவது ஆசாமி தி.நகர்க்காரர். வீட்டுக்கே வந்து ட்யூஷன் எடுப்பார். அடி உதை கிடையாது, தங்கமான மனுஷர். அவர் நாயோடு மொட்டை மாடிக்குப் போவார். நான் கீழே காபி குடிப்பேன். மூன்று வாரத்தில் டேலி அவர் 'சிட்' என்றால் உட்கார்ந்தது, 'ஸ்டே' என்றால் நின்றது. அவர் படி இறங்கிய மறு நிமிஷம் என் செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடியது. படித்தது நாயும் அவரும். கோட்டை விட்டது நான். 'அவரையே தத்து எடுத்துக்கலாமா?' என்றாள் மனைவி.

செக்ரட்டரி தந்த கெடுவில் பாதி போய்விட்டிருந்தது. அப்போதுதான் எங்கள் கால்நடை டாக்டர், அடையாறு பக்கம் ஞாயிறு காலையில் நடக்கும் ஒரு கிளப்பைப் பற்றிச் சொன்னார். போன் பண்ணினேன். எடுத்த அம்மாள் முதல் வார்த்தையாகச் சொன்னது: "இந்த ஞாயித்துக்கிழமை நாயைக் கூட்டிட்டு வராதீங்க. நீங்க மட்டும் வந்து உட்கார்ந்து பாருங்க."

அங்கேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. வாசகர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். நாயில்லாமல் ஒரு வகுப்பை முழுசாக வேடிக்கை பார்க்க விடாத இடத்துக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். முடிந்தால் சொல்லாமல் கொள்ளாமல் இன்னொரு தடவையும் போய்ப் பாருங்கள். நான் தடுப்பூசி நோட்டை மறக்காமல் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் ராத்திரியில் நினைத்துக்கொள்கிறேன்.

போனேன். காலை ஆறு மணி. "எட்டு மணிக்கு மேல நம்ம ஊர்த் தரை சூட்டுல பாதம் வெந்துடும். ரோட்டுல உங்க புறங்கையை அஞ்சு செகண்ட் வெச்சுப் பாருங்க. உங்களால முடியலேன்னா நாய்க்கும் முடியாது" என்றார். மொத்தம் ஆறே நாய்கள். ஒன்று தெருநாய், ஒன்று சிப்பிப்பாறை. ஒவ்வொன்றின் தடுப்பூசி நோட்டையும் வாங்கிப் பார்த்த பிறகுதான் உள்ளே விட்டார்கள். இறுக்கும் சங்கிலி, முள் பட்டை எதுவும் இல்லை. சாதாரணப் பட்டையும் ஆறடி நாடாவும்தான். கயிற்றைப் பிடித்திருந்தது பயிற்சியாளர் அல்ல, நாயின் சொந்தக்காரர்கள். ஒரு நாய் தப்புச் செய்தபோது என்ன நடக்கிறது என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தேன். ஒன்றுமே நடக்கவில்லை! தின்பண்டம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். மறுபடி சுலபமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். நாய்கள் எல்லாம் வாலை ஆட்டிக்கொண்டிருந்தன. மனுஷர்கள்தான் வியர்த்து விறுவிறுத்துப் போயிருந்தார்கள்.

அந்த அம்மாள் கையில் என்ன தெரியுமா? நம்ம கபாலி கோயில் அறுபத்து மூவர் திருவிழாவில் விற்குமே, டிக் டிக் என்று சத்தம் போடும் தகரத் தவளை! நாய் சரியாகச் செய்த அந்த வினாடியில் ஒரு 'டிக்', பிறகு ஒரு துண்டு தின்பண்டம். "இது விளையாட்டு இல்லை சார். 1951-லேயே ஸ்கின்னர்னு ஒரு சைக்காலஜிஸ்ட் இதைப் பத்தி எழுதியிருக்கார்" என்றார். 'சபாஷ்' என்று நாம் வாய் திறப்பதற்குள் நாய் எழுந்துவிடும். எதற்குப் பரிசு என்று அதற்குப் புரியாது. தவளை டயத்துக்குச் சொல்லிவிடும்.

"எத்தனை நாள்ல கேரண்டி மேடம்?" என்று கேட்டேன்.

"உங்க கல்யாணத்துக்குக் கேரண்டி குடுத்தாங்களா?" என்றார். சேர்ந்துவிட்டேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் என்னைக் கடிந்துகொண்டார். "ஒன்பது மாசம் ஏன் காத்திருந்தீங்க?" ஆறு மாசம் ஆன பிறகுதான் பயிற்சி என்று யாரோ சொன்னதை நம்பியிருந்தேன். அது அடித்துப் பழக்கிய காலத்து வழக்கமாம். குட்டியின் முதல் மூன்று மாசம்தான் குழந்தை, கிழவர், குடை, ஹெல்மெட், ஆட்டோ சத்தம் எல்லாவற்றையும் பயமில்லாமல் பழகிக்கொள்ளும் பருவம். முதல் தடுப்பூசி போட்டு ஒரு வாரம் போனால், சுத்தமான இடத்தில் நடக்கும் குட்டி வகுப்பில் ஏழெட்டு வாரத்திலேயே சேர்க்கலாம் என்று அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் மருத்துவர்கள் சங்கமே சொல்லியிருக்கிறது. டேலி அந்த வயசில் எங்கள் பாத்ரூமில் பூட்டிக் கிடந்தது.

கிளப் பக்கத்தில் இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதும் அங்கே போன பிறகுதான் உறைத்தது. எழுபது கிலோமீட்டர் தள்ளி ஒரு பண்ணையில் உட்காரக் கற்ற நாய், லஸ் முனையில் உட்காராது. அதற்கு அது வேறு பாடம். கிரவுண்டில் படித்ததை நம் வாசலில், லிஃப்டில், கறிகாய்க்காரர் முன்னால் என்று ஒவ்வொரு இடமாக மறுபடி படிக்க வேண்டும். ஆட்டோ விஷயம் வேறு இருக்கிறது. நாயைப் பார்த்ததும் பத்து ஆட்டோக்காரர்களில் ஒன்பது பேர் பறந்துவிடுவார்கள். பத்தாவது ஆசாமி, "நாய்க்குத் தனியா போட்டுக் குடு சார்" என்பார். முதல் ஞாயிறு டேலி முழு வழியும் தலையை வெளியே நீட்டி வந்தது. மீட்டரைப் பார்த்துக்கொண்டு வந்தது நான்.

அடுத்து எழுந்தது மொழிப் பிரச்னை. மனைவி 'சிட்' என்பாள். நான் 'சிட் டவுன்' என்பேன். அம்மா 'உக்காருடா தடியா' என்பாள். 'சிட்' வேறு, 'டவுன்' வேறு, அது படுப்பதற்கு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். "நாய் அடங்காதது இல்லை சார். மூணு பேரும் மூணு உத்தரவு போட்டா எந்தக் குமாஸ்தாதான் வேலை செய்வான்?" என்றார் அந்த அம்மாள். வீட்டில் ஓட்டெடுப்பு நடத்தினோம். அம்மா ஜெயித்தாள். உக்காரு, படு, இரு, வா... நாலே சொல். சுத்தத் தமிழ்.

தின்பண்டத்திலும் தகராறு. கிரவுண்டில் எல்லாரும் வேகவைத்த சிக்கன் துண்டு கொண்டுவருவார்கள். எங்கள் வீட்டிலோ முட்டைக்கே தடா. பனீர், வேகவைத்த கேரட் என்று சமரசம். ஒரு வெள்ளிக்கிழமை அம்மா பிரசாதச் சர்க்கரைப் பொங்கலை நீட்டியபோதுதான் பதறித் தடுத்தேன். உலர்ந்த திராட்சை நாய்க்கு விஷம், சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெங்காயமும் சாக்லேட்டும்கூட ஆகாது.

இதற்கிடையில் மாநகராட்சி லைசென்ஸையும் எடுத்தேன். ரேபிஸ் ஊசிச் சான்றிதழ் இருந்தால் ஆன்லைனில் வேலை முடிகிறது. 2025 கடைசியில் லைசென்ஸோடு மைக்ரோசிப்பும் கட்டாயம், இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று சொன்னதும் ஊரே வரிசையில் நின்றது. அரிசி மணி அளவு சிப், தோலுக்கடியில். சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடினாலும் இனிமேல் விலாசம் உண்டு.

செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு, மகேந்திரவர்ம பல்லவன் காலம். இறந்துபோன வீரனோடு, கள்ளர் இருவரைக் கடித்து மடக்கிய அவன் நாய் கோவிவனையும் பெயர் போட்டுச் செதுக்கியிருக்கிறார்கள். அந்தப் பரம்பரையில் டேலி வராது. திருடன் வந்தால் பீரோச் சாவியைக் கவ்விக்கொண்டு வந்து கொடுக்கும் ரகம். எங்களுக்கு அது போதும். பூனையைப் பார்த்தால் அம்மாவை இழுக்காமல் இருந்தால் சரி.

எட்டாவது ஞாயிற்றுக்கிழமை, கெடு முடிகிற அன்று, செக்ரட்டரி வந்தார். பேத்தியையும் கூட்டி வந்திருந்தார். அம்மாவுக்கு மாவுக்கட்டு பிரித்துப் பத்து நாள் ஆகியிருந்தது. கை இன்னும் முழுசாக மடங்கவில்லை. கதவைத் திறந்தது அம்மாதான். குழந்தையைப் பார்த்ததும் டேலி உள்ளேயிருந்து பாய்ந்து வந்தது. அதன் வாலில் அடிபட்டு ஏதோ உருண்டது. செக்ரட்டரி பேத்தியை இழுத்து முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டார். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. தகரத் தவளை எங்கேயென்று பாக்கெட்டைத் தடவுகிறேன், காணோம்.

அம்மா குரலை உயர்த்தவே இல்லை. ஒரே வார்த்தை.

"உக்காரு."

டேலி வழுக்கிக்கொண்டே வந்து, குழந்தைக்கு ரெண்டடி முன்னால் பொத்தென்று உட்கார்ந்தது.

செக்ரட்டரியும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அம்மா ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு டேலிக்கு ஒரு கேரட் துண்டும், அவருக்கு ஒரு டம்ளர் காபியும் கொண்டுவந்தாள்.